தடம் பிரியும் இடம் வரை

ஜனவரி 7, சனி

மைனஸ் பதினெட்டு டிகிரி. காலையில் கதவைத் திறந்தால் வாசலைக் காணோம். ரெய்யோவின் டிராக்டர் விடிவதற்கு முன்பே சாலையை வழித்துவிட்டு, வழித்த பனி முழுவதையும் என் வாசலில் இடுப்பளவுக்குக் குவித்துவிட்டுப் போயிருக்கிறது. எதிர்வீட்டு வாசலில் ஒரு பிடி பனி இல்லை. நாற்பது நிமிடம் வாரிக் கொட்டினேன். தற்செயல் என்று சொல்பவன் என் முகத்துக்கு நேரே வந்து சொல்லட்டும்.

பத்து மணிக்கு வேட்டைக் குடிலில் கூட்டம். இந்த ஆண்டு எங்கள் சங்கத்துக்கு ஒரே ஒரு சிவிங்கிப்பூனையை, அதாவது லின்க்ஸை, சுடத்தான் அனுமதி. போன ஆண்டு நடந்ததற்குப் பிறகு இதுவே பெரிது என்கிறார்கள். இன்னொரு தவறு நடந்தால் ஐந்து ஆண்டுக்கு எதுவும் கிடையாது என்று கடிதத்திலேயே எழுதியிருக்கிறதாம். ரெய்யோ வேட்டைத் தலைவன். எழுந்து நின்று வேலைகளைப் பிரித்து வாசித்தான். காட்டைச் சுற்றி வருவது இன்னார், துப்பாக்கியோடு நிற்பது இன்னார். தடம் பார்ப்பது மெர்வி. கடைசியாக, தாளிலிருந்து கண்ணை எடுக்காமல்:

"ஒஸ்மோ — சூப்பு."

அவ்வளவுதான். பதினெட்டு வருடம் இந்தச் சங்கத்துக்குத் தடம் பார்த்தவன் நான்.

பென்டி பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். "வாத்தியாரே, பட்டாணி நல்லா வேகணும். போன தடவ கடிச்சதுல ஒரு பல்லு போச்சு." எழுபத்து மூன்று வயதில் அவரிடம் மிச்சமிருப்பதே நாலு பல். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதை நினைத்தால்தான் இப்போது உடம்பு எரிகிறது. நான் ஏன் சிரித்தேன்?

ஜனவரி 8, ஞாயிறு

சவுனாவின் நீராவியில் உட்கார்ந்தாலும் அதே நினைப்பு. போன ஆண்டு நடந்ததை ஒருமுறை ஒழுங்காக எழுதி வைக்கிறேன். சங்கத்தின் குறிப்பேட்டில் இருப்பது ரெய்யோ எழுதியது.

பிப்ரவரி நான்கு. காட்டின் ஒரு துண்டைச் சுற்றி வந்தோம். உள்ளே போன தடம் ஒன்று, வெளியே வந்த தடம் இல்லை. அப்படியானால் பூனை உள்ளேதான் இருக்கிறது. சுற்றிலும் துப்பாக்கிக்காரர்கள் நின்றாகிவிட்டது. தடத்தோடு நான் மட்டும்.

குட்டியோடு திரியும் தாயைச் சுடக் கூடாது. சட்டம். ஆனால் ஆழமான பனியில் குட்டி தாயின் குழியிலேயே காலை வைத்து நடக்கும். இரண்டு பூனை போயிருந்தாலும் கண்ணுக்கு ஒரே வரிசைதான். அதனால் தடத்தின் மேல் போய்க்கொண்டே இருக்க வேண்டும். விழுந்த மரமோ ஓடையோ பாறையோ குறுக்கே வரும். தாய் தாண்டும், குட்டி சுற்றிக்கொண்டு போகும். அங்கேதான் தடம் பிரியும். அதுவரை வாயிலிருந்து 'ஒன்று' என்று வரக் கூடாது. இதை இந்தச் சங்கத்துக்குச் சொல்லிக் கொடுத்தவனே நான்தான்.

கை ரேடியோவில் ரெய்யோ: "ஒண்ணா ரெண்டா? சட்டுனு சொல்லுடா வாத்தி. ஆளுங்களுக்குக் கால் விறைக்குது." மூன்று தடவை. மூன்றாவது தடவை யாரோ சிரித்தார்கள். "ஒன்று" என்றேன்.

பதினோரு மணிக்கு வெடிச் சத்தம். பெண் பூனை. அது விழுந்து கிடந்த இடத்துக்கு முப்பது அடி தள்ளி, மரங்களுக்குப் பின்னால், இன்னொரு பூனை போய் வந்து போய் வந்து மிதித்த தடம். அந்தக் கால் கொஞ்சம் சின்னது.

போலீஸ் வந்தது. ஆண்டுக் கூட்டத்தில் ரெய்யோ எழுந்து வாசித்தான்: "தடம் பார்த்தவரின் பிழை." என் முழுப் பெயரோடு. அவசரப்படுத்தியது யார், எத்தனை தடவை? ஒரு வரி இல்லை. எல்லோர் தோளிலும் ரேடியோ தொங்கியது. எல்லோரும் கேட்டார்கள். ஒருவன் வாயைத் திறந்தானா?

முப்பது வருடம் பிள்ளைகளுக்கு உயிரியல் சொல்லிக் கொடுத்தேன். பள்ளியை இழுத்து மூடினார்கள். அப்போதும் ஒருவன் வாய் திறக்கவில்லை. இந்த ஊருக்கு அது பழக்கம்.

ஜனவரி 14, சனி

முதல் வேட்டை. பூனை இல்லை.

குடிலில் காபி கொதிக்கும்போதே ரெய்யோ ஆர்ப்பாட்டமாக உள்ளே வந்தான். "ஓநாய்! எங்க வீட்டுக்குப் பின்னாடியே! தடம் என் உள்ளங்கை அகலம்!" கைபேசியில் படம். எல்லோரும் எழுந்து சுற்றி நின்றார்கள். மெர்வி ஒரு தடவை பார்த்தாள்.

"நாய்" என்றாள்.

"உனக்கு எப்படித் தெரியும்? தபால் போடப் போற எடத்துல நாய் கடிச்சே பழகிடுச்சா?"

"ஓநாய் நேரா போகும், அதுக்கு வேலை இருக்கு. இது மரத்துக்கு மரம் போய் மோந்திருக்கு, வட்டம் அடிச்சிருக்கு, திரும்பி வந்திருக்கு. சாப்பாடு வீட்டுல காத்திருக்கிற ஜென்மம். உங்க கேட்டு வரைக்கும் போகுதே, பாக்கலியா?"

"எங்க வீட்டு நாயா?"

"உங்க வீட்டு நாய்தான்."

பென்டி சிரித்த சிரிப்பில் காபி மூக்கு வழியாக வந்தது. எனக்கும் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவள் சொன்னது சரி. நானும் அதையே சொல்லியிருப்பேன். அதே வார்த்தைகளில் இல்லை, ஆனால் அதையேதான். தாம்பெரே நகரத்திலிருந்து வந்து ஐந்து வருடம் ஆகிறது, தபால் வண்டி ஓட்டுகிறாள். இந்தத் திறமை இவளுக்கு எங்கிருந்து?

சூப்பு நன்றாக இருந்தது என்று மூன்று பேர் சொன்னார்கள். நாசமாய்ப் போக.

ஜனவரி 16, திங்கள்

மறுபடியும் வாசலில் பனி மேடு. இந்தத் தடவை தோள் வரை.

ஜனவரி 19, வியாழன்

மைனஸ் பதினொன்று. காற்றே இல்லை. நேற்று விழுந்த புதுப் பனி ஒரு விரல் உயரம் — தடம் படிக்க இதைவிட நல்ல நாள் கிடைக்காது. சூப்பு வைப்பவன் காட்டுக்குள் போகக் கூடாது என்று சட்டம் இல்லை. சறுக்குப் பலகையை மாட்டிக்கொண்டு ஏரிக்கு வடக்கே போனேன்.

முயல் — பின்கால் இரண்டும் முன்னால், முன்கால் இரண்டும் பின்னால் ஒன்றன்பின் ஒன்றாக. நரி. ஓடைக்கரையில் நீர்நாய் வயிற்றால் வழுக்கிக்கொண்டு போன கால்வாய். எனக்கு இருபது நிமிடம் நன்றாக இருந்தது என்பதை எழுதி வைக்கிறேன்.

பிறகு பூனைத் தடம். வட்டமாக, நகம் பதியாமல், ஒரே கோட்டில். இடது பின்காலில் வெளி விரல் பதியவில்லை. பழைய காயமாக இருக்கும். அது போன பக்கம் போனால் கலைந்து ஓடும் என்பதால் வந்த பக்கமாகப் போனேன். ஒரு வரிசை. ஒரே வரிசை. அரைக் கிலோமீட்டர். விழுந்து கிடந்த ஒரு பெரிய ஸ்ப்ரூஸ் மரம். ஒன்று மரத்தின் மேலே ஏறி, நடந்து, குதித்திருக்கிறது. இன்னொன்று கிளைகளுக்குக் கீழே புகுந்து அந்தப் பக்கம் வந்திருக்கிறது. அதன் முதுகு உரசி, கிளையிலிருந்து பனி கொட்டியிருக்கிறது.

தாயும் குட்டியும்.

மண்டி போட்டு அளந்தேன். தாய்க்கு எட்டரை சென்டிமீட்டர். குட்டிக்கு ஏழரை. அங்கேயே நின்று காபி குடித்தேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை.

சொல்ல வேண்டும். யாரிடம்? ரெய்யோவிடமா? "வந்துட்டாரு வாத்தியார்" என்பான். தடம் பார்ப்பது இப்போது என் வேலை இல்லையே. வேலையைப் பிரித்து வாசித்தது அவன். பார்க்க வேண்டியவள் பார்க்கட்டும். அவளும் விழுந்த மரம் வரை போகிறாளா, இல்லை ரேடியோவில் மூன்று தடவை கேட்டதும் சொல்லிவிடுகிறாளா — பார்ப்போம்.

ஜனவரி 20, வெள்ளி

குடிலில் நாளைக்கான பேச்சு. நான் சமையல் மூலையில் தொத்திறைச்சி நறுக்கிக்கொண்டிருந்தேன். கரடிச் சதுப்புக் காட்டைச் சுற்றி வருவது என்று முடிவு. ஏரிக்கு வடக்கே இருந்து ஒரு பூனை கீழே இறங்கிய மாதிரி இருக்கிறது என்றான் ஒருவன். மெர்வி வரைபடத்தை விரித்து, "வடக்கே யாராச்சும் போனீங்களா இந்த வாரம்?" என்று எல்லோரையும் பார்த்தாள்.

யாரும் போகவில்லை.

நான் நறுக்கிக்கொண்டிருந்தேன். என்னைப் பெயர் சொல்லிக் கேட்கவில்லையே.

ஜனவரி 21, சனி

எல்லாவற்றையும் வரிசையாக எழுதுகிறேன்.

மைனஸ் இருபத்திரண்டு. ஒன்பதரைக்குள் சுற்றி முடித்துவிட்டார்கள். உள்ளே போன தடம் ஒன்று. வெளியே வரவில்லை. துப்பாக்கிக்காரர்கள் நிற்கும் இடத்துக்குச் சீட்டு எடுத்துவிட்டுப் போய் நின்றார்கள். குடிலில் நான், அடுப்பு, ரேடியோ.

மெர்வியின் குரல்: "தடத்துல நிக்கிறேன். நேத்து ராத்திரி தடம். இடது பின்கால்ல ஒரு விரல் பதியல."

கரண்டி கையில் நின்றுவிட்டது. அதேதான்.

ரெய்யோ: "ஒண்ணா ரெண்டா?"

"ஒரே வரிசை. இருங்க, இன்னும் கொஞ்ச தூரம் திரும்பிப் போய்ப் பாக்கணும்."

"ஒரே வரிசைன்னா ஒண்ணுதானே? சட்டுனு சொல்லும்மா. ஆளுங்களுக்குக் கால் விறைக்குது."

அதே வார்த்தை. ஒரு சொல் மாறவில்லை! எனக்கு உடம்பெல்லாம் சூடாகிவிட்டது. சந்தோஷம் — ஆமாம், அதை வேறு என்ன பெயரில் எழுதுவது? ஒரு வருடமாக நான் சொல்லிக்கொண்டிருப்பதை அவனே எல்லோர் காதிலும் ஓதுகிறான். கேளுங்கடா. நல்லா கேளுங்க. இப்படித்தான் அன்னிக்கும் கேட்டான்.

இரண்டாவது தடவை. "மெர்வி, தபால் வண்டி பஞ்சரா? பேச்சையே காணோம்."

சிரிப்பு.

சுவர்க் கடிகாரம் பத்து மணி காட்டியது. அவள் சொல்லிவிடுவாள். சொன்னால் சுடுவார்கள். சுட்டால் போலீஸ். போலீஸ் வந்தால் இரண்டு வருடத்தில் தடம் பார்த்துத் தவறியது இரண்டு ஆள், இரண்டு தடவையும் ஒரே வேட்டைத் தலைவன். அப்போது யாருக்கும் சந்தேகம் இருக்காது. நான் ஒன்றுமே செய்ய வேண்டாம். சூப்பைக் கிண்டிக்கொண்டிருந்தால் போதும்.

மூன்றாவது தடவை.

"ஒண்ணுதான்" என்றாள். குரல் எனக்குத் தெரிந்த குரல். என் குரல்.

"அப்படிச் சொல்லு! எல்லாரும் தயாரா இருங்க. உள்ள எறங்குறோம்."

கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து மணி ஆறு நிமிடம். பொத்தானை அழுத்தியது என் கைதான். ஆனால் முடிவெடுத்தது எப்போது என்று சத்தியமாகத் தெரியாது.

"மெர்வி. ஒஸ்மோ பேசறேன். அது தாய். குட்டி இருக்கு."

இரைச்சல். பிறகு ரெய்யோ: "வாத்தியாரே, அடுப்புல இருந்துட்டு ஆரூடம் சொல்றீங்களா? சூப்பக் கிண்டுங்க."

பென்டி: "சூப்புக்குள்ள தெரிஞ்சுதாம் குட்டி!"

எல்லா இடத்திலிருந்தும் சிரிப்பு. நான் மறுபடி அழுத்தினேன். "எடது பின்கால், வெளி வெரல். ஏரிக்கு வடக்கே விழுந்த ஸ்ப்ரூஸ். அங்க ரெண்டா பிரியுது. குட்டிக்கு ஏழரை சென்டி."

யாரும் சிரிக்கவில்லை.

"அவன் பொறாமையில பேசறான்" என்றான் ரெய்யோ. "எறங்குங்க."

"யாரும் எறங்கக் கூடாது" — மெர்வி. "துப்பாக்கியிலேர்ந்து தோட்டாவ எடுங்க. நான் திரும்பிப் போய்ப் பாக்குறேன்."

நானூறு மீட்டர் போனாளாம். ஒரு வாய்க்கால். தாய் ஒரே தாவலில் தாண்டியிருக்கிறது. குட்டி இறங்கி ஏறியிருக்கிறது. "ரெண்டு" என்றாள் ரேடியோவில். "வேட்டை முடிஞ்சது."

சூப்பு அடிப்பிடித்துவிட்டது. "பூனையும் போச்சு, பட்டாணியும் போச்சு" என்றார் பென்டி. ஆனால் போகும்போது என் முதுகில் இரண்டு தட்டு தட்டினார். ரெய்யோ என்னைப் பார்க்கவேயில்லை. மெர்வி சாப்பிட வரவில்லை. இன்னும் காட்டில்தான் இருக்கிறாள் என்றார்கள்.

ஜனவரி 22, ஞாயிறு

நன்றாகத் தூங்கினேன். பதினொரு மாதத்தில் முதல் தடவை.

ஜனவரி 24, செவ்வாய்

தபால் வண்டி வாசலில் நின்றது. எப்போதும் பெட்டியில் போட்டுவிட்டுப் போவாள். இன்று இறங்கி வந்தாள். நன்றி சொல்ல வருகிறாள் என்று நினைத்தேன். "உள்ள வா, காபி போடறேன்" என்றேன்.

"வேணாம். இங்கயே பேசிட்டுப் போயிடறேன்."

மின்சாரக் கட்டண உறையை என் கையில் கொடுத்தாள்.

"சனிக்கிழமை அந்த ஸ்ப்ரூஸ் வரைக்கும் போனேன். உங்க சறுக்குத் தடத்தப் பாத்தேன்."

உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"தடத்துக்குள்ள உறைபனி முளைச்சு நின்னுச்சு. ரெண்டு ராத்திரி வயசு. வியாழக்கிழமை. மண்டி போட்டு அளந்திருக்கீங்க, முழங்கால் குழி இருக்கு. அப்புறம் நின்னிருக்கீங்க. கொஞ்ச நேரம் இல்ல. பலகைக்குக் கீழ பனி ஐஸா எறுகிக் கெடக்கு. காபி வண்டலக் கொட்டியிருக்கீங்க."

"நின்னேன். அதுக்கென்ன?"

"வெள்ளிக்கிழமை வடக்கே யாராச்சும் போனீங்களான்னு நான் கேட்டப்ப நீங்க எனக்கு மூணடி தள்ளி நின்னு தொத்திறைச்சி நறுக்குனீங்க."

"என்னைக் கேக்கலையே."

"எல்லாரையும் கேட்டேன்."

"என் வேலை சூப்பு" என்றேன். சொல்லும்போதே அது எப்படி இருந்தது என்று எனக்கே கேட்டது.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் திருப்பிக் கத்தியிருப்பேன். "ரேடியோவுல நான் விரல் பதியலன்னு சொன்னதுக்கும் நீங்க வாயத் தெறந்ததுக்கும் நடுவுல பதினோரு நிமிஷம். நான் பாத்தேன். உங்களுக்கு நடந்தது எனக்கும் நடக்கட்டும்னு காத்துட்டு இருந்தீங்க. நான் உங்களுக்கு என்ன பண்ணேன் ஒஸ்மோ?"

"கடைசியில சொன்னேன் இல்ல?"

"சொன்னீங்க. அதனாலதான் நானா போய் யார்கிட்டயும் சொல்லல. அஞ்சாம் தேதி கூட்டம். நீங்களே சொல்லுங்க." வண்டியில் ஏறிவிட்டு, கண்ணாடியை இறக்கி: "நானூறு மீட்டர் போகாம 'ஒண்ணு'ன்னு சொன்னது நான். அத நானும் சொல்லப் போறேன்."

ஜனவரி 25, புதன்

இவள் யார் எனக்குத் தவணை வைக்க? தபால்காரி! சொல்ல மாட்டேன். எழுதட்டும், படம் எடுத்துக் காட்டட்டும், ஊரெல்லாம் ஒட்டட்டும். காபி வண்டலை வைத்து வழக்குப் போடுவாளா?

ஜனவரி 26, வியாழன்

இன்று பனி பெய்தது. இருபது சென்டிமீட்டர். என் தடமும் போயிருக்கும். அவளிடம் இனி ஒன்றும் இல்லை.

ஜனவரி 29, ஞாயிறு

எட்டாம் தேதி எழுதியதைத் திரும்பப் படித்தேன். ஒன்றை விட்டிருக்கிறேன். பொய் எழுதவில்லை, விட்டிருக்கிறேன்.

போன பிப்ரவரியில் ரெய்யோ மூன்றாவது தடவை கேட்டபோது என் கண்ணுக்கு நேரே, நூறடியில், ஒரு பிர்ச் மரம் குறுக்கே விழுந்து கிடந்தது. நான் அதைப் பார்த்தேன். அங்கே போனால் தெரிந்துவிடும் என்றும் தெரியும். ஆனால் அந்தச் சிரிப்பு. அதற்கு மேல் ஒரு நொடி கூட அவர்கள் என்னைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது என்று தோன்றியது. போகவில்லை. நூறடி.

இன்னொன்றையும் எங்கும் எழுதியதில்லை. அந்தக் குட்டியின் தடத்தை அதற்குப் பிறகு மூன்று வாரம் பின்தொடர்ந்தேன். யாரிடமும் சொல்லாமல். முதல் வாரம் ஒரு முயலைத் துரத்தியிருந்தது: ஏழு தாவல், பிறகு நடை. இரண்டாவது வாரம் நாலு தாவல். பிறகு தாவலே இல்லை. வெறும் நடை, இடையிடையே உட்கார்ந்த குழி. குழிக்கும் குழிக்கும் தூரம் குறைந்துகொண்டே வந்தது. இருபத்தைந்தாம் தேதி அதைக் கண்டேன். கையுறையோடு தூக்கினேன். ஒரு ரொட்டிப் பை எடைகூட இல்லை.

இதெல்லாம் தெரிந்தவன்தான் பதினோரு நிமிடம் சூப்பைக் கிண்டியவன்.

ரெய்யோ மேல் கோபம் குறையவில்லை. அதை யாரும் குறைக்கச் சொல்ல வேண்டாம்.

பிப்ரவரி 5, ஞாயிறு

கூட்டம். பதினாலு பேரும் வந்திருந்தார்கள். மெர்வி முதலில் எழுந்து, நானூறு மீட்டர் போகாமல் சொன்னது தன் பிழை என்றாள். "ஐய, அது ஒரு பிழையா? பூனை உயிரோடதானே இருக்கு!" என்றான் ரெய்யோ. தாராள மனசு! என் பிழைக்கு மட்டும் முழுப் பெயர்.

நான் எழுந்தேன். நின்றுகொண்டு சொன்னேன். வியாழக்கிழமை பார்த்தது, வெள்ளிக்கிழமை சொல்லாதது, சனிக்கிழமை பதினோரு நிமிடம். ஏன் என்பதையும் சொன்னேன்.  அடுப்பில் விறகு வெடித்தது.

"பாத்தீங்களா!" ரெய்யோ மேசையைத் தட்டினான். "நான் அன்னிக்கே சொன்னேன், பொறாமைன்னு! சங்கத்தையே கவுக்கப் பாத்திருக்கான். எழுதவா வாத்தியாரே, குறிப்புல?"

"எழுது. இன்னொண்ணும் எழுது. போன வருஷம் நூறடி தள்ளி மரம் தெரிஞ்சும் நான் போகல. நீ ரேடியோவுல மூணு தடவை கேட்ட. ரெண்டையும் சேத்து எழுது. ஒண்ண மட்டும் எழுதினா நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"நான் என்னடா கேட்டேன்? கேக்கறது குத்தமா?"

"மூணு தடவதான்" என்றார் பென்டி, காபிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டு. "நான் எண்ணுனேன். மூணாவது தடவ சிரிச்சது நான்."

அந்த மனிதருக்கு இதைச் சொல்ல ஒரு வருடம் ஆகியிருக்கிறது. எழுந்து போய்ச் சட்டையைப் பிடிக்க வேண்டும் போலவும் இருந்தது, உட்கார்ந்து அழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டும் செய்யவில்லை.

முதல் வாக்கெடுப்பு: இந்தப் பருவமும் அடுத்த பருவமும் ஒஸ்மோ வேட்டையில் கலந்துகொள்ளக் கூடாது. கைகள் உயர்ந்தன. மெர்வியின் கையும். சரிதான்.

அடுத்து மெர்வி ஒரு விதி கொண்டுவந்தாள்: தடம் பார்ப்பவர் தானாக அழைக்கும்வரை ரேடியோவில் யாரும் அவரிடம் எதுவும் கேட்கக் கூடாது. வேட்டைத் தலைவன் உட்பட.

"ஒரு மணி நேரம் ஆனா?" ரெய்யோ.

"ஒரு மணி நேரம் நில்லுங்க."

"கால் செத்துப் போயிடும்மா!"

"நல்ல காலுறை வாங்குடா, டிராக்டர் வச்சிருக்கே இல்ல?" பென்டிதான். "எனக்கு விறைச்சாலும் பரவால்ல. மறுபடி போலீஸ்காரனுக்குக் காபி ஊத்திக் கொடுக்க என்னால முடியாது."

நானும் கையைத் தூக்கினேன். "உனக்கு ஓட்டு இல்ல, இப்பத்தான் வெளிய போட்டோம்" என்றான் ரெய்யோ. உண்மைதான். கையை இறக்கினேன். ஒன்பதுக்கு நாலு. விதி நிறைவேறியது.

பிப்ரவரி 12, ஞாயிறு

யாரும் அழைக்கவில்லை. நானும் யாரையும்.

பிப்ரவரி 17, வெள்ளி

குறிப்பின் நகல் தபாலில் வந்தது. ரெய்யோவின் கையெழுத்து. என்னைப் பற்றிய பகுதி அரைப் பக்கம், கொட்டை கொட்டையாக. அவனைப் பற்றியது ஒரு வரி. எறும்பு ஊர்ந்த மாதிரி, பக்கத்தின் அடியில். ஆனால் இருக்கிறது. பூதக் கண்ணாடி வைத்துப் படித்தேன். 'மூன்று முறை' என்று எண்ணிக்கையும் போட்டிருக்கிறான்.

பிப்ரவரி 25, சனி

பருவத்தின் கடைசி சனிக்கிழமை. மைனஸ் பதினாறு. எல்லோரும் காட்டில். நான் சமையலறையில். ரேடியோ என் சொந்தப் பணத்தில் வாங்கியது. கேட்கக் கூடாது என்று எந்த வாக்கெடுப்பும் நடக்கவில்லை. மேசைமேல் வைத்துத் திருகினேன்.

ஒன்பதே முக்காலுக்கு மெர்வி: "தெக்குப் பக்கம் ஒரு தடம் உள்ள போயிருக்கு. வெளிய வரல. பெரிய கால். திரும்பிப் போய்ப் பாக்குறேன்."

அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. வெறும் இரைச்சல்.

பத்து நிமிடம். யாரோ இருமினார்கள், பென்டியாக இருக்கும். இருபது நிமிடம். இந்நேரம் ஓடைக்கரைக்குப் போயிருப்பாள். அங்கே பாறைகள் உண்டு. பார்த்துப் போக வேண்டும். பதினாலு பேர் போட்ட காலுறையெல்லாம் இப்போது ஐஸாகியிருக்கும் என்று நினைத்தேன். பதினாலு இல்லை, பதின்மூன்று. என்னைக் கழிக்க இன்னும் பழகவில்லை.

முப்பத்தோராவது நிமிடம் ரேடியோ 'டக்' என்றது. யாரோ பொத்தானை அழுத்தியிருக்கிறார்கள். மூச்சு கேட்டது: கனமான, மூக்கடைத்த மூச்சு. பதினெட்டு வருடம் பக்கத்தில் நின்று கேட்ட மூச்சு, எனக்குத் தெரியாதா? நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். கேளுடா பார்க்கலாம். கேளு.

மூச்சு. இன்னொரு மூச்சு. பொத்தானை விட்டுவிட்டான்.

நாற்பத்திரண்டாவது நிமிடம் மெர்வி வந்தாள். மூச்சிரைத்தது. "வேலியத் தாண்டியிருக்கு, ஓடையத் தாண்டியிருக்கு, ரெண்டு மரத்தத் தாண்டியிருக்கு. எங்கயும் பிரியல. ஒண்ணு. ஆண்."

"சரி" என்றான் ரெய்யோ.

அவன் வாயிலிருந்து இவ்வளவு சின்னச் சொல் வந்து நான் கேட்டதில்லை.